கதவு சாத்தி எழுபத்து நாலு

உட்காருங்கள் தம்பி, இடம் இருக்கிறது. பெட்டியை மடிக்கு இழுத்துக்கொள்கிறேன். இல்லை, மேலே போட வேண்டாம். கீழேயும் வேண்டாம். கோவில்பட்டியில் ஏறியபோது கண்டக்டரும் அதைத்தான் சொன்னார். லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது. இது படுத்தபடிதான் வர வேண்டும்.

கம்ப்யூட்டர்தான். சிபியு பெட்டி. என் மகளுடையது. உள்ளே பிராசசர் சூட்டை இழுக்கிற கூலர் ஒன்று, முக்கால் கிலோ, போர்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது. பெட்டியை நிமிர்த்தி வைத்தால் பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த முக்கால் கிலோ போர்டைப் பிடித்து இழுக்கும். இந்தச் சாத்தூர் வருவதற்குள் ஒன்பது குலுக்கல். படுக்க வைத்தால் எடை கீழே இறங்கும், இழுக்காது. கடைக்காரர் ஞானராஜ் சொன்னார்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. உங்கள் தோளில் லேப்டாப் பை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். சூடு என்றால் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் பிச்சையா. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். நூற்கிற வேலை இல்லை. காற்றைப் பார்க்கிற வேலை. நூல் ஓடுகிற இடத்தில் ஈரம் குறைந்தால் நூல் அறும். கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றும். ஒரு மணிக்கு ஒரு தடவை போய் ஈரத் துணி சுற்றினது ஒன்று, சுற்றாதது ஒன்று, இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஷிப்டுக்கு எட்டு. ஒரு நாள் கூட நான் கண்ணால் பார்க்காமல் எழுதியது இல்லை. மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தில் எட்டையும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஓய்வு பெற்றபோது கடிகாரம் கொடுத்தார்கள். கழித்துப் போட்ட ஒரு தெர்மாமீட்டரைக் கொடுங்கள் என்று கேட்டேன். அதையும் கொடுத்தார்கள்.

மகள் பெயர் செண்பகம். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி வந்தாள். கட்டிக்கொடுத்து மூன்றரை வருஷம். ஓசூரில் இருந்தார்கள். காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. துணிப் பை இரண்டு, இந்தப் பெட்டி ஒன்று, ஸ்கிரீன் ஒன்று. ஆக நான்கு உருப்படி. இறக்கி வைத்தேன்.

பெட்டியின் பக்கத் தகட்டில் ஒரு பள்ளம் இருந்தது. பத்து அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். இதோ, இந்த இடம். இப்போது தெரியாது. மரச் சுத்தியலால் உள்பக்கமிருந்து தட்டி எடுத்துவிட்டேன். தகடு அப்படி உள்ளே வாங்கியிருந்தால் காற்று போகாது.

என் மனைவி ஆவுடை அடுப்படியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அந்தப் பள்ளம் எப்படி விழுந்துச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"சரி பண்ணியாச்சு" என்றேன்.

"அதையா கேட்டேன்?" என்றாள்.

செண்பகத்துக்கு வேலை உண்டு. கட்டாத வீட்டைக் கட்டின மாதிரி படம் போட்டுக் காட்டுவது. சோபா, ஜன்னல், ஜன்னல் வழியாக விழுகிற வெயில் வரைக்கும் இருக்கும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதை வரைகிறது. ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ரெண்டர் என்று சொல்லுவாள். மதுரையில் ஒரு கட்டட ஆபீஸ். மூன்று மாதம் பார்ப்பார்களாம். படம் சொன்ன நேரத்துக்கு வந்தால் எங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். வராவிட்டால் மதுரைக்குப் போய் உட்கார வேண்டும். அதை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

எனக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது.

வந்த மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் பாதிப் படத்தில் அணைந்துவிட்டது. ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு எண் ஓடும், பார்த்திருப்பீர்கள். அது பிராசசரின் சூடு. நூறு தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துகொள்ளும். மூன்று மணி நேர வேலை போய்விடும். செண்பகம் இதைச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த ஒரு வேலை வீட்டுக்குள் வந்திருக்கிறது.

நோட்டு போட்டேன். இதுதான். தேதி, மணி, வெளிச் சூடு, அறைச் சூடு, பிராசசர், கடைசியில் கதவு. 'தி' என்றால் திறந்து. 'சா' என்றால் சாத்தி.

கதவுதான் விஷயம். செண்பகத்துக்குக் கட்டிலும் மேசையும் போட்டுக் கொடுத்தது சாமான் போடுகிற அறை. மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல். கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் கொண்டி உண்டு. பாத்திரத்துக்கு எதற்கு உள்பக்கத் தாழ்ப்பாள். கதவு சாத்தினால் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. திறந்தால் தொண்ணூற்றொன்று. பத்து நாள் எழுதிப் பார்த்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. கதவைத் திறந்து சுவரோடு ஒட்டி, அடியில் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தேன்.

செண்பகம் சாத்துவாள். நான் திறப்பேன்.

"அப்பா, போன் பேசணும்."

"பேசும்மா. நான் கேட்கலை. சூட்டைத்தான் பாக்கேன்."

அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். செருப்பு இல்லாமல் சத்தம் வராமல்தான் போவேன். எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், வந்துவிடுவேன். சில நாள் அவள் மேசையில் தலை வைத்திருப்பாள். தூங்குகிறாள் என்று மெதுவாக வருவேன். ஆவுடை ஒரு நாள் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில நர்ஸ் கூட, எப்படி இருக்கீகன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் சூடு பாப்பா."

ஆவுடை பேச்சு எப்போதும் அப்படித்தான்.

மில்லில் செய்கிற மாதிரி ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினேன். அறை மூன்று டிகிரி இறங்கியது. செண்பகம் வந்து பார்த்துவிட்டு, "ஈரம் ஆகாதுப்பா, போர்டுல தண்ணி கோத்துக்கிடும்" என்று அவிழ்த்துவிட்டாள். அவள் சொன்னது சரி. அதையும் எழுதியிருக்கிறேன். அப்புறம் பெட்டியைத் திறந்து தூசி எடுத்தேன். ஒரு கை அளவு தூசி. இரண்டு டிகிரி இறங்கியது. பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். இன்னும் இரண்டு. நான்கு நாளில் மறுபடி ஏறிவிட்டது. சித்திரை நெருங்கிவிட்டதே.

கதவு திறந்திருந்தால் காற்று வரும். ஆட்களும் வருவார்கள். ஆவுடையின் அண்ணன் பெண்டாட்டி காந்திமதி அடுத்த தெருதான். பால் வாங்கப் போகிறேன் என்று வருவாள், அறை வாசலில் நின்றுகொள்வாள்.

"என்ன செண்பகம், எப்பப் பாத்தாலும் வீடு வீடாக் கட்டிக்கிட்டே இருக்க?"

"வேலை, அத்தை."

"ஊரு வீட்டையெல்லாம் கட்டிரு. உன் வீடு என்னாச்சு? மாப்ள எப்ப வாராக கூப்பிட?"

அப்புறம் உள்ளே போய்க் கட்டிலில் உட்காருவாள். எழுந்து போக ஒரு மணி நேரம் ஆகும். ஒரு ஆள் கூட இருந்தால் அறை அரை டிகிரி ஏறும். நான் பார்த்தேன்.

செண்பகம் என்னிடம் வந்தாள். "அப்பா, கதவைச் சாத்திக்கிடணும்பா. சாத்துனாத்தான் எனக்கு வேலை ஓடும்."

"சாத்துனா மெஷின் ஓடாதேம்மா."

"நல்ல கூலர் ஒண்ணு போட்டா?"

"கதவு சாத்தி எண்பதுக்குள்ள நின்னா, நீ சாத்திக்கோ. நான் வரவே மாட்டேன்" என்றேன்.

சிரித்தாள். வந்ததிலிருந்து அது இரண்டாவது தடவை.

திருமங்கலம் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறதே? நீங்கள் தூங்க வேண்டுமென்றால் தூங்குங்கள். சரி.

ஞானராஜ் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். நல்ல பையன், நாற்பது வயது இருக்கும். மூன்று கூலர் எடுத்து வைத்தார். ஒன்று அறுநூற்று ஐம்பது, ஏற்கெனவே இருந்ததற்கு அண்ணன் மாதிரி. இரண்டாவது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. நான்கு செம்புக் குழாய், தகட்டு அடுக்கு, ஒரு விசிறி. மூன்றாவதில் தண்ணீர் ஓடுமாம். ஏழாயிரம்.

"தண்ணி ஒழுகினா?" என்று கேட்டேன்.

"ஒழுகாதுய்யா."

"மில்லுல முப்பத்தொரு வருஷம் தண்ணிக் குழாயைப் பாத்தவன் நான். ஒழுகாத குழாயை நான் பாத்ததில்லை."

அவர் சிரித்துவிட்டு இரண்டாவதைத் தள்ளி வைத்தார். விலைக்கு இதுதான் சரி என்றார். தகடுகளை எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அட்டைப் பெட்டியிலும் ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தது. பிராசசர் எத்தனை வாட், கூலர் எத்தனை வாட் தாங்கும், பெட்டிக்குள் உயரம் எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினோரு மில்லி மிச்சம் இருந்தது.

"பிராசசர் மேல சூடு கடத்துற பேஸ்ட்டு பட்டாணி அளவு வைக்கணும்யா. நடுவுல. அழுத்துனா அதுவே பரவிக்கிடும்" என்றார்.

"காஞ்ச பட்டாணியா, ஊறின பட்டாணியா?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஊறினது காய்ந்ததைவிட இரண்டு மடங்கு பெரிது, தம்பி. கேட்காமல் எப்படி வைப்பது. காய்ந்தது என்றார்.

"ஆள் அனுப்பவா, மாட்டித் தர?"

"நானே மாட்டிக்கிடுவேன்" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் புதுச் சாமானில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிரிப்பதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கிப் பதினோரு வருஷம், கைப்பிடியில் உறை இருக்கிறது. டிவி ரிமோட் கவருக்குள்தான். இந்தக் கைக்கடிகாரம் மில் கொடுத்தது, கண்ணாடி மேல் பாருங்கள், ஒட்டினது ஒட்டினபடி. பிரித்துவிட்டால் அன்றோடு பழசு. உங்கள் போன் மேல் கூட ஒன்று ஒட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மாட்டினேன். கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து, திருகாணிகளை எடுத்த வரிசையில் அடுக்கினேன். பழைய கூலரைக் கழற்றினேன். பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது, துடைத்தேன். காய்ந்த பட்டாணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே அளவு வைத்தேன். புதுக் கூலரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. மேலே மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அதில் சிவப்பில் இங்கிலீஷ் எழுத்து. நான் எட்டாவது வரை. கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு குமிழி இல்லை. அப்படியே வைத்து நான்கு திருகாணியையும் குறுக்கே குறுக்கே முடுக்கினேன்.

செண்பகம் உள்ளே போனில் இருந்தாள். கதவுதான் திறந்திருந்ததே. போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அப்பா, அடியில ஏதும் ஒட்டியிருந்துச்சா? எடுத்தீங்களா?"

காந்திமதி அப்போது கூடத்தில்தான் இருந்தாள். "உங்கப்பா எந்த மெஷின்ல தப்பு விட்டுருக்காரு, நீ கேக்குற?" என்றாள்.

"எல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன்.

பொய் இல்லை தம்பி. பார்த்தேன்.

கதவைச் சாத்தி ரெண்டர் போட்டாள். தொண்ணூற்றைந்து. நாற்பதாவது நிமிஷம் தொண்ணூற்றேழு. கதவைத் திறந்தேன். தொண்ணூற்றொன்று.

பழைய கூலருக்கும் புதுக் கூலருக்கும் வித்தியாசம் இல்லை. நான்கு நாள் எழுதினேன். எட்டு நாள் எழுதினேன். மாட்டினதில் தப்பு இல்லை, அது எனக்கு உறுதி. அப்போது தப்பு வேறு எங்கேயோ இருக்க வேண்டும். அவள் செய்கிற வேலை கூடியிருக்க வேண்டும். "நீ ஒரேயடியாப் போட்டு ஓட்டுற. மெஷினுக்கும் ஓய்வு வேணும்" என்றேன். இன்னொரு நாள், "உனக்கு இதைவிட லேசான வேலை இல்லையா" என்றேன். இன்னொரு நாள், "ஓசூர்ல இருந்தப்ப இப்படிச் சூடாச்சா?" என்று கேட்டேன்.

ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண் அப்போது எண்பத்தொன்பது.

ஏப்ரலில் மட்டும் மூன்று தடவை அணைந்தது. இரண்டு படம் ஆபீசுக்குத் தாமதமாகப் போனது.

மே ஐந்தாம் தேதி மத்தியானம். வெளியே நாற்பது. அறை முப்பத்தேழு. ஆபீஸ் பெரியவரோடு ஸ்கிரீனில் பேசிக்கொண்டிருந்தாள், மூன்று மாதக் கணக்கு முடிக்கிற பேச்சு. பின்னால் ரெண்டரும் ஓடியது. காந்திமதி வந்தாள். வாசலில் நின்றபடியே, அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தும், "செண்பகம், உன் மாமியா போன் போட்டா. பொறுத்துப் போகச் சொல்லுன்னா. ஒரு அடிக்கெல்லாம் வீட்டை விட்டு வந்தா எவளாலதான் குடும்பம் நடத்த முடியும்னா" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அவள் பேச்சே அப்படி.

செண்பகம் எழுந்து வந்தாள். செங்கல்லைக் காலால் தள்ளினாள். கதவைச் சாத்தினாள்.

நான் கூடத்தில் நோட்டோடு இருந்தேன். இருபது நிமிஷம் பார்த்தேன். அரை மணி ஆனது. போய்த் திறந்தேன். தொண்ணூற்றெட்டு. இன்னும் இரண்டு டிகிரிதான். அணைந்தால் படம் போகும், படம் போனால் அவள் மதுரைக்குப் போக வேண்டும். எனக்கு அதுதான் மனசில் இருந்தது.

உள்ளே அவள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவு அவள் முழங்காலில் இடித்தது. ஸ்கிரீனில் பெரியவர் போய்விட்டிருந்தார்.

"தொண்ணூத்தெட்டும்மா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிக்கோங்கப்பா" என்றாள்.

எழுதினேன். இதோ, இந்த வரி. இரண்டு ஐம்பது. 'சா' என்று எழுதி அடித்து 'தி' என்று எழுதியிருக்கிறேன். நோட்டில் அடித்தல் இந்த ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆறு நாற்பது பஸ். துணிப் பை இரண்டு. பெட்டி வேண்டாம் என்றாள். "அங்க ஆபீஸ்லயே மெஷின் இருக்குப்பா. ஏசி இருக்கு. யாரும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம்." எழுபத்தாறு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

அதற்கப்புறம் நானும் எழுதினேன். யாரும் தொடாத கம்ப்யூட்டர், போட்டால் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. எழுத ஒன்றும் இல்லை. ஆவுடை என்னோடு பத்து நாள் சாப்பிடுங்க என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

விருதுநகர் தாண்டிவிட்டோமா. சரி.

மே இருபத்தெட்டு, செண்பகம் போன் செய்தாள். ஆவுடைக்குத்தான் செய்வாள். அன்றைக்கு என்னைக் கேட்டாளாம், ஆவுடை போனை என் காதில் வைத்தாள். "அப்பா, அந்த மெஷின் வேணும். ஹாஸ்டல்ல வச்சுத் தனியா வேலை எடுக்கப் போறேன். மதுரைக்கு யாராவது வந்தா குடுத்து விடுங்க."

யாராவது என்றாள்.

சூடாகிற மெஷினைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கூலரில்தான் கோளாறு, மாற்றிக் கேட்போம் என்று கழற்றி ஞானராஜ் கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடி மேல் தலைகீழாக வைத்தார். பேஸ்ட்டைத் துணியால் துடைத்தார். உற்றுப் பார்த்தார். ஓரத்தில் நகத்தை வைத்துக் கீறினார். பிளாஸ்டிக் அப்படியே உரிந்து வந்தது.

அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மாட்டுனது யாருய்யா?"

"நான்தான்."

"இது மாட்டுறதுக்கு முன்னாடி பிரிக்கணும்யா. அதைத்தான் இதுல எழுதியிருக்கு. இது நடுவுல இருந்தா சூடு கூலருக்கே போகாது." அப்புறம், "உக்காருங்க. டீ சொல்றேன்" என்றார்.

டீ குடிப்பதில்லை என்றேன். குடிப்பேன். அன்றைக்கு அப்படிச் சொன்னேன்.

இதோ அந்தப் பிளாஸ்டிக். நோட்டில் ஏப்ரல் பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஒன்றே முக்கால் அங்குலச் சதுரம். எழுத்து கிழியவில்லை. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே, கொஞ்சம் படியுங்கள். ஆமாம். ஞானராஜும் அதைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். அவள் விட்டுப் போன பழைய வீட்டுப் படம் ஒன்று உள்ளே இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினால் ஓடும் என்று பார்த்துப் பார்த்துத் தெரியும். அமுக்கினேன். கதவு சாத்திப் பார்க்க வேண்டும் அல்லவா. செங்கல்லை எடுத்துவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். அந்த அறைக்குள் கதவைச் சாத்தி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம். எழுபத்திரண்டு. இரண்டு மணி நேரம். எழுபத்து நாலு. அதற்கு மேல் ஏறவில்லை. அறை முப்பத்தைந்து. வெளியே ஆவுடை யாரோடோ பேசுவது கேட்டது, ஆனால் என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. கதவு சாத்தினால் அப்படித்தான் இருக்கும்போல.

கதவின் உள்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். எப்போதும் சுவரோடு ஒட்டியே இருந்த பக்கம். நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பென்சிலால் புள்ளி வைத்திருந்தது. கதவில் நான்கு, நிலையில் இரண்டு. நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. மேசை டிராயரைத் திறந்தேன். ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஆறு அங்குலம், எவர்சில்வர். திருகாணி ஆறும் சின்னப் பையில். பில் இருந்தது. மார்ச் மூன்றாம் தேதி. வந்து பதிமூன்றாவது நாள். கதவுக்கு நான் செங்கல் வைத்ததும் அன்றைக்குத்தான், நோட்டில் இருக்கிறது.

நான் செங்கல் வைத்தேன். அவள் தாழ்ப்பாளை டிராயரில் வைத்துவிட்டாள். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மட்டம் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் ஒரு நூல் கூடப் பிசகவில்லை. அளவில் அவள் தப்ப மாட்டாள், சின்னதிலிருந்தே. அவள் வைத்த புள்ளியிலேயே துளை போட்டேன். தாழ்ப்பாள் மேல் நீலமாக ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. பிரித்தேன். முழுசாகப் பிரித்தேன், திருகாணிக்கு அடியில் மாட்டியிருந்ததைக் கூட ஊசியால் எடுத்தேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சரியாக விழுகிறது.

ஆவுடை வெளியே நின்று கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. "இப்ப எதுக்கு? உள்ள யாரு இருக்கா?" என்றாள்.

நான்தானே இருந்தேன்.

மெஷினை அனுப்ப ஆள் ஒருவர் இருந்தார், சொந்தக்காரப் பையன், கார் வைத்திருக்கிறான். வேண்டாம் என்று நானே எடுத்து வந்துவிட்டேன். நிமிர்த்தி வைத்துவிடுவான். நான் வருவது அவளுக்குத் தெரியாது. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு நான்கு பேர் என்று ஆவுடையிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதுதான் மாட்டுத்தாவணியா. நீங்கள் முன்னால் இறங்குங்கள், நான் மெதுவாக வருகிறேன். ஒரு உபகாரம் தம்பி. என் இரண்டு கையும் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. சட்டைப் பையில் போன். செண்பகம் என்று தமிழில் இருக்கும், மூன்றாவது பெயர். அதை அமுக்குங்கள். என் காதில் வைக்க வேண்டாம். நீங்களே பேசிவிடுங்கள், எனக்குப் போனில் வராது. அப்பா மாட்டுத்தாவணியில் நிற்கிறார் என்று சொல்லுங்கள். எழுபத்து நாலு என்று சொல்ல வேண்டாம். அது நோட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் விஷயமும் வேண்டாம், அதை நான் நேரில் காட்டிக்கொள்கிறேன்.

வீட்டில் அவள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு என்று மட்டும் சொல்லுங்கள். அவள் வைத்த புள்ளியிலேயே. உள்பக்கம். உள்பக்கம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.